லாரியக்காவின் முதல் வருஷம்

எங்கள் தெருவில் யார் வீடு மாறினாலும் இரண்டு தெரு தள்ளி இருப்பவர்களுக்குக்கூடத் தெரிந்துவிடும். லாரியின் சத்தத்தால் அல்ல, லாரியக்காவின் வாயால். "டேய், அந்தப் பெட்டி அடுப்படிக்கு. அது இல்லடா, அதுக்குப் பக்கத்துல இருக்கிறது. கண்ணாடிய படுக்க வைக்காதே, நிமித்தி வை. அவரை ஏன் பாக்கிற, என்னைப் பாரு." காலையில் திறந்த வாய் கடைசி நாற்காலி உள்ளே போகும்வரை மூடாது.

வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிக் கொடுப்பதுதான் அந்தக் குடும்பத்தின் தொழில். அவள் கணவர் லாரி ஓட்டுவார், கயிறு கட்டுவார். அவர் கட்டிய கயிறு வழியில் அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. அவர் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியும் பார்த்ததில்லை, அதற்கு வீட்டில் வாய்ப்பும் கிடையாது. சுமப்பதற்கு லாரியக்காவின் தம்பி. பீரோவைத் தனியாளாக முதுகில் ஏற்றிவிடுவான், ஆனால் மெத்தையைத் தூக்கினால் மட்டும் அதை எங்கே இறக்குகிறானோ அங்கேயே அதன் மேல் சாய்ந்து கண்ணை மூடிவிடுவான். அதனால் ஊருக்கே அவன் மெத்தை. நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவன், டயர் கடையில் கணக்கு எழுதுபவன், இடுப்பு வலிக்காரன். காலை டீ அவர்கள் வீட்டில்தான் என்பதால் அந்தக் குடும்பத்து விவகாரத்தில் மூக்கை நுழைக்கும் உரிமை எனக்கு உண்டு.

பொதிவது முழுக்க அக்காவின் வேலை. தட்டுகளுக்கு நடுவில் காகிதம், காகிதத்துக்கு நடுவில் துணி, மூலையில் ஒரு கைக்குட்டை அளவு இடம் இருந்தால்கூட அங்கே ஒரு காலுறையைத் திணித்துவிடுவாள். ஆனால் பெட்டியின் மேல் ஒரு எழுத்து எழுத மாட்டாள். எது எந்த அறைக்கு, எதில் கண்ணாடி, எதை முதலில் பிரிக்க வேண்டும், எல்லாம் மண்டைக்குள் இருக்கும். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"எழுதி என்னத்துக்கு சார்? நான்தான் கூடவே வர்றேனே. என் வாய்தான் லேபிள்."

அந்த லேபிள் ஒருநாள் கல்லூரிக்குப் போய்விட்டது.

அவர்கள் ஒரு டிசைன் கல்லூரியைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வகுப்பறையில் ஒரு பெண் கறுப்புக் காகிதத்தில் வெட்டிய எழுத்துகளை மேசையில் பரப்பி, ஒன்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தாளாம். நாலு அறைச் சாமானை ஏற்றிவிட்டு அக்கா திரும்பி வந்தபோதும் அதே எழுத்தைத்தான் நகர்த்திக்கொண்டிருந்தாள். "அதை எங்கம்மா வைக்கணும்?" என்று அக்கா கேட்க, "அதான்க்கா தெரியல" என்றாளாம். அன்று சாயங்காலம் டீ ஆறிப்போவது தெரியாமல் அக்கா இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "நாம பெட்டி அடுக்கிறோம், அவங்க எழுத்து அடுக்கிறாங்க. அடுக்கிறதுக்குப் படிப்பு இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே சார்."

அவர்கள் மகள் அந்த வருஷம்தான் நர்ஸ் படிப்புக்கு வெளியூர் போயிருந்தாள். வீடு வெறிச்சென்று இருந்தது. கிராஃபிக் டிசைன் படிப்புக்கு வயது வரம்பு இல்லை என்று அக்கா விசாரித்து வந்தாள், நுழைவுத் தேர்வு எழுதினாள், இடமும் வாங்கிவிட்டாள். தோள் பையும் அளவுகோலும் வீட்டுக்கு வரும்வரை கணவர் இதை விளையாட்டு என்றே நினைத்திருந்தார். பையைப் பார்த்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார்.

"ஒரு வருஷம் பாப்போம். நீ பாஸாகணும், லாரியும் நிக்காம ஓடணும். ரெண்டுல ஒண்ணு கவுந்தாலும் நீ திரும்ப வந்துடணும். அப்புறம் அழக் கூடாது."

"நான் என்னிக்குங்க அழுதேன்?"

"சும்மா சொல்லி வைக்கிறேன்."

அவருக்கு அதுவே பெரிய பிரசங்கம்.

வகுப்பில் எல்லோரும் அவள் மகள் வயதுப் பிள்ளைகள். ஆசிரியையே அவளைவிடச் சின்னவர். அதெல்லாம் அக்காவை ஒன்றும் செய்யவில்லை. பொதிவது, அடுக்குவது, அளப்பது எல்லாம் நமக்குக் கைவந்த வேலைதானே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனாள். முதல் வேலை, ஒரு நீச்சல் குளத்துக்குப் போஸ்டர். அக்கா ஒரு வாரம் உட்கார்ந்து செய்தாள். நானும் பார்த்தேன், பிரமாதமாகத்தான் பட்டது. நடுவில் குளம், குளத்தில் ஆட்கள், கரையில் குடை, குடைக்கடியில் செருப்பு, ஒரு மூலையில் சூரியன், மறு மூலையில் பந்து, இன்னொரு மூலை காலியாக இருக்கிறதே என்று ஒரு துண்டு. நேரமும் விலாசமும் அந்தத் துண்டின் மேல்.

ஆசிரியை அதைச் சுவரில் மாட்டச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாராம். "இதுல எதை முதல்ல பாக்கணும்?"

"எல்லாத்தையும்தான் மேடம்."

"ஏன் ஒரு இடம்கூட விடல?"

"இடம் விட்டா ஆடும் மேடம். ஆடினா உடையும்."

வகுப்பே சிரித்துவிட்டது. அக்காவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. லாரியில் காலி இடம் என்றால் கண்ணாடி நொறுங்கும். காகிதத்தில் காலி இடம் விட்டால்தான் இருப்பது தெரியும் என்பதை அவள் கை ஒத்துக்கொள்ளவே சில மாதங்கள் ஆயின. அன்றைக்கு அவள் விட்டுவிடவில்லை. துண்டு ஏன், பந்து ஏன் என்று ஒவ்வொன்றையும் விளக்க ஆரம்பித்தாள். ஆசிரியை கேட்டு முடித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"நீங்க சொன்னதும் எனக்கு நல்லாப் புரிஞ்சுது. ஆனா இந்தப் போஸ்டர் ஒட்டுற ஒவ்வொரு சுவர்கிட்டயும் போய் நீங்க நிக்க முடியுமா?"

அவளிடம் பதில் இல்லாத கேள்வி ஒன்று உலகத்தில் இருந்தது என்பதே எனக்குச் செய்தி. அந்த வகுப்பின் சட்டமும் அதுதான். வேலையை மாட்டிவிட்டால் செய்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் பார்த்துத் தங்களுக்கு என்ன தெரிகிறதோ அதைச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும், "அது அப்படி இல்ல, நான் என்ன நெனச்சேன்னா" என்று தொடங்குவாள், ஆசிரியை விரலை உதட்டில் வைப்பார். முதல் அரையாண்டில் அவளுக்குத் தேர்ச்சி கிடைக்கவில்லை, வருஷக் கடைசி வேலையில் தேறினால்தான் இரண்டாம் வருஷம். தொலைபேசியில் மகள், "அம்மா, பேசினதுக்கா மார்க் போச்சு?" என்று கேட்டுச் சிரித்தபோது அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள். போனை வைத்த பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அழவில்லை என்று அவளே சொன்னாள், நான் கேட்கவில்லை.

இந்தப் பக்கம் லாரியின் கதை இன்னும் மோசம்.

வகுப்புக்கு முன் அக்கா பொதிந்து வைத்துவிட்டுப் போன, லேபிள் இல்லாத பெட்டிகளை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்கள் திண்டாடினார்கள். ஒரு வீட்டில் சமையல் பாத்திரமெல்லாம் மூன்றாவது மாடிப் படுக்கையறைக்குப் போய்விட்டது. இன்னொரு வீட்டில் கட்டில் வந்தது, கட்டிலின் கால் வரவில்லை. ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று மெத்தையின் கையில் இரண்டாகப் போனது. கணவர் அவளுக்குப் போன் செய்வார், "அந்த நீளமான பெட்டி எதுக்கு?" என்பார். அவள் வகுப்பைவிட்டு வெளியே ஓடி வந்து, "எந்த நீளம்? நாடா எந்தப் பக்கம் சுத்தியிருக்கு?" என்பாள். இப்படியே போய், வாடிக்கை கொடுத்த இரண்டு பேர் வேறு லாரிக்குப் போய்விட்டார்கள்.

ஒரு மழை நாள் சாயங்காலம். கணவர் நனைந்த சட்டையோடு வந்து உட்கார்ந்தார். அக்கா சாப்பாட்டு மேசையில் எழுத்துகளைப் பரப்பி வைத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை இடுக்கினால் சின்ன விஷயங்கள் மங்கிப் பெரிய விஷயம் மட்டும் தெரியும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து அவள் குழம்பையும் காலண்டரையும் என்னையும்கூட அப்படித்தான் பார்த்தாள்.

"கண்ணுல தூசியா?" என்றார் கணவர்.

"இல்லங்க. இடைவெளி பாக்கிறேன்."

"இன்னிக்கு அந்த டாக்டர் வீட்டுல என்னை நிக்க வெச்சுக் கேட்டான். உங்க வீட்டம்மா இல்லாம உங்களுக்கு எதுவுமே தெரியாதான்னு."

அக்கா எழுத்துகளை ஒதுக்கினாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? தெரியாதுன்னேன். உண்மைதானே. எல்லாத்தையும் உன் மண்டைக்குள்ள வெச்சுக்கிட்டு நீ மட்டும் கிளம்பிப் போயிட்ட."

மெத்தை ஒரு உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு, "மாமா சொல்றது சரிதான்க்கா" என்றான்.

"நீ கண்ணாடிய உடைச்சது எந்த மண்டைக்குள்ளடா இருந்துச்சு?"

"அவனை விடு," என்றார் கணவர். "நான் கோவமாச் சொல்லல. முடியலன்னு சொல்றேன். அவ்ளோதான்."

அக்கா தட்டு வைத்தாள், முட்டையைப் பங்கிட்டாள், சாப்பாடு முடியும்வரை பேசவில்லை. நான் மெதுவாக மாடிக்கு நழுவினேன். சத்தம் போட்டால் பரவாயில்லை, அந்த வீட்டில் அமைதிதான் ஆபத்து.

அடுத்த நாள் காலை டீ கொடுக்கும்போது சொன்னாள். "மேடம் கேட்டதும் இவர் கேட்டதும் ஒண்ணுதான் சார். நான் இல்லாத இடத்துல என் வேலை ஊமையா நிக்குது. காகிதத்துலயும் அப்படி, லாரியிலயும் அப்படி."

ஊர் நூலகத்தின் வேலை வந்தது அப்போதுதான். பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்குப் புத்தகங்களை மாற்ற வேண்டும். வரிசை கலையக் கூடாது, திங்கட்கிழமை திறந்தாக வேண்டும். மற்ற லாரிக்காரர்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிவிட்டார்கள். அக்காவின் கணவர் யாரையும் கேட்காமல் ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். ரோஷம்தான். வந்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

"நீ வந்து நின்னுடு. அந்த ஒரு நாள் மட்டும்," என்றார்.

"அதே வாரம்தான் எனக்கு வருஷக் கடைசி வேலை. அதுல விழுந்தா நான் அவ்வளவுதான்."

"லைப்ரரி வேலை சொதப்பினா லாரியும் அவ்வளவுதான்."

அக்கா நேராக ஆசிரியையிடம் போய் இரண்டையும் சொன்னாள். ஆசிரியை யோசித்துவிட்டு, "அதையே உங்க வருஷக் கடைசி வேலையா வெச்சுக்குங்க. ஆனா வகுப்புச் சட்டம் அங்கயும் உண்டு. சாமான் இறக்கும்போது நான் வருவேன். நீங்க பேசக் கூடாது, கையும் காட்டக் கூடாது. பெட்டி தானாப் போய் அதது இடத்துல உக்காரணும்" என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மெத்தை சாப்பாட்டை நிறுத்தினான். கணவர், "அது நடக்காது" என்றார். எதை நடக்காது என்றார், பெட்டி உட்காருவதையா அக்கா வாயை மூடுவதையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் அவள் பெட்டிக்குப் பெட்டி சீட்டு ஒட்டிப் பார்த்தாள். அறை, அலமாரி, தட்டு, வரிசை என்று எல்லாம் எழுதிய அழகான சீட்டு. இரண்டு பெட்டிகளை மெத்தையிடம் கொடுத்து வீட்டுக்குள்ளேயே சுமக்கச் சொன்னாள். அவன் தூக்கியதும் சீட்டு அவன் வயிற்றுப் பக்கம் போய்விட்டது. "இதுல என்ன போட்டிருக்குன்னு எதிர்ல வர்றவனைத்தான் கேக்கணும்" என்றான். அது போயிற்று.

பிறகு வகுப்பில் சொன்ன ஒரு பாடம் ஞாபகம் வந்தது. கோடு ஒன்று நடுவில் அறுந்திருந்தாலும் கண் அதைச் சேர்த்துத்தான் பார்க்கும். சேரவில்லை என்றால் கண்ணுக்கு உறுத்தும், படிக்கத் தெரிய வேண்டியதில்லை. அக்கா கல்லூரி முற்றத்தில் காலிப் பெட்டிகளை ஒரு நீள வரிசையாக வைத்தாள். முதல் பெட்டியின் மேல் விளிம்பில் தொடங்கிக் கடைசிப் பெட்டியின் கீழ் விளிம்புவரை சாய்வாக ஒரே பட்டையை வண்ணத்தில் இழுத்தாள். பெட்டிகளைக் கலைத்துவிட்டு மறுபடி கோடு சேரும்படி வைத்தால் வரிசை தானாக வந்துவிட வேண்டும்.

வகுப்புப் பிள்ளைகள் கலைத்தார்கள், மெத்தையை வரவழைத்து அடுக்கச் சொன்னார்கள். அவன் பத்தே நிமிஷத்தில் அடுக்கிவிட்டான். கோடு முழுசாக இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவோடு ஒட்டிக்கொண்டு திரியும் பெண் ஒருத்தி, எழுத்தை நகர்த்திக்கொண்டிருந்த அதே பெண், பெட்டிகளுக்குள் பென்சிலால் போட்டிருந்த எண்களைப் பார்க்கக் கடைசி முனையிலிருந்து தொடங்கினாள். கடைசிப் பெட்டியைத் திறந்ததும் நின்றுவிட்டாள்.

"அக்கா, இது முதல் பெட்டி."

"எப்படிம்மா? கோடு சேருதே."

"தலைகீழா இருக்கு."

அக்கா குனிந்து பார்த்தாள். மெத்தை முதல் பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தான். சாய்ந்த கோட்டைத் தலைகீழாகத் திருப்பினாலும் அதே சாய்வுதான். மேலே இருந்த கோடு கீழே வந்து, கடைசி இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. உண்மையான கடைசிப் பெட்டி முதல் இடத்தில் தலைகீழாகக் கிடந்தது.

"கோடு சேருதுல்ல, அப்புறம் என்ன?" என்றான் மெத்தை. அவன் மேல் தப்பில்லை. சுமக்கிறவன் பெட்டியை எப்படித் தோதுப்படுகிறதோ அப்படித்தான் பிடிப்பான்.

அப்போது ஆசிரியையும் வந்திருந்தார். "பெட்டி பொய் சொல்லுது. ஏன்னு கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்படிச் சரி செய்வது என்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. "சொல்லிட்டா அது அவங்க வேலையாயிடும் சார்" என்றாள். முன்பு இருந்த அக்கா இப்படிப் பேச மாட்டாள்.

இரண்டு நாள் அவள் கண்ணை இடுக்கிக்கொண்டே திரிந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். முழுக் கேரட் ஒன்றை எடுத்து மேசையில் படுக்க வைத்தாள், திருப்பி வைத்தாள், மறுபடி திருப்பினாள்.

"மெத்தை, இங்க வா. இதுல தலை எது, வால் எது?"

"இது தலை. ஏன்க்கா, அழுகியிருக்கா?"

"கவுத்து வெச்சாலும் தெரியுதா?"

"தடியா இருக்கிறது தலை. இது யாருக்குத்தான் தெரியாது? சாப்பாடு ஆயிடுச்சா இல்லையா?"

சாப்பாடு ஆகவில்லை. அவள் அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்கு ஓடினாள். கோடு ஒரே பருமனாக இருந்ததுதான் கோளாறு. புதுக் கோடு தலைப்பக்கம் உள்ளங்கை அகலம், போகப் போக மெலிந்து கடைசிப் பெட்டியில் ஒரு விரல். இனி முதல் பெட்டியைக் கவிழ்த்துக் கடைசியில் வைத்தால் மெலிசுக்குப் பக்கத்தில் தடி வந்து நிற்கும், மெத்தைக்குத் தூக்கக் கலக்கத்திலும் தெரியும். முற்றத்தில் மறுபடி பார்த்தார்கள். மெத்தையை வேண்டுமென்றே தப்பாக அடுக்கச் சொன்னார்கள். அவன் முயன்று பார்த்துவிட்டு, "தப்பா வெக்கக் கை வரலக்கா, அசிங்கமா இருக்கு" என்றான். அக்கா அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பழைய நூலகக் கூடத்தில் புத்தகம் அடுக்கிய பெட்டிகளை வரிசையாக வைத்து வண்ணம் அடித்தார்கள். கதைக்கு நீலம், சரித்திரத்துக்குச் சிவப்பு, பிள்ளைகள் புத்தகத்துக்குக் கேரட் நிறமே. வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். நேர்க்கோடு பிடிக்க நூல் கட்ட வேண்டியிருந்தது. இரண்டு பிள்ளைகள் பிடித்த நூல் தொய்ந்தது. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவர் வந்து நூலை வாங்கினார், இரண்டு முனையிலும் ஒரு முடிச்சுப் போட்டார், சுண்டிவிட்டால் சத்தம் கேட்கும் அளவுக்கு விறைத்து நின்றது. "இப்ப அடிங்க" என்றார். பிள்ளைகள் அவரை "மாமா, இங்க, மாமா, இந்த வரிசைக்கு" என்று மாலைவரை விடவில்லை. அவர் முகத்தில் எரிச்சல் எதுவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக வருகிற சுமை ஆட்கள் வரவில்லை. கடைசி நிமிஷத்தில் கணவர் வேறு இரண்டு பேரைக் கூட்டிவந்தார், அவர்களுக்கு எங்கள் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. போதாததற்கு என்னையும் இழுத்துக்கொண்டார்கள். இடுப்பைக் காட்டினேன், கேட்பாரில்லை. தார்ப்பாய் பிடிக்கும் வேலை கொடுத்தார்கள்.

புதுக் கட்டடத்தில் ஒவ்வொரு அறை வாசலிலும் அந்த அறையின் நிறத்தில் ஒரு அட்டை. அட்டையில் தடியில் தொடங்கி மெலிசில் முடியும் அந்தப் பட்டை, தடித்த முனை வாசல் பக்கமாக. வேறு ஒரு எழுத்து கிடையாது, அட்டையின் மற்ற இடமெல்லாம் வெள்ளை. நூலகர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கையைப் பிசைந்தார். ஆசிரியை குடையை மடக்கி ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். அக்கா சுவரோரம் போய் நின்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

லாரியிலிருந்து பெட்டிகள் தாறுமாறாகத்தான் இறங்கின. நீலம், சிவப்பு, மறுபடி நீலம். புது ஆட்களில் ஒருவன் முதல் பெட்டியோடு உள்ளே வந்து சுற்றுமுற்றும் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவன் பெட்டியின் பட்டையைப் பார்த்தான், வாசல் அட்டையைப் பார்த்தான், உள்ளே கொண்டுபோய் வைத்தான். இரண்டாவது பெட்டியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, சேரவில்லை என்று கண்டு தள்ளி வைத்தான். நாலாவது பெட்டிக்குள் அவனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தன் கூட்டாளியைக் கூப்பிட்டு அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னான். அதன் பிறகு அவர்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு ஓடினார்கள். சேரும் பெட்டியை வைத்துவிட்டால் பட்டையின் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டு. மெத்தை, "கேரட்டு வருது, வழி விடு" என்று கத்திக்கொண்டே போனான். நானும் தார்ப்பாயை விட்டுவிட்டுச் சின்னப் பெட்டி ஒன்றைத் தூக்கினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது சேர்ந்து நின்றபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மத்தியானத்துக்குள் லாரி காலி. நீல அறை முழுசு, பிள்ளைகள் அறை முழுசு. அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை போன பக்கம் நானும் பார்த்தேன். வெளித் தாழ்வாரத்தில் மெத்தை ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, டீ குடித்துக்கொண்டிருந்தான். பெட்டியின் வண்ணப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. நான் கத்தினால் அவள் கத்தியதாக ஆகிவிடுமோ என்று பயம். ஆசிரியை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நூலகர் கணவரிடம் வந்து, "முடிஞ்சுதா? கதவைப் பூட்டலாமா?" என்று கேட்டார். அக்கா ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பியின் பெயரைச் சொன்னால் போதும். ஒரு வருஷப் படிப்பு அந்த ஒரு வார்த்தையில் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு பெட்டி சரித்திரம் மழையில் கிடக்கும், லாரியின் பெயர் அத்தோடு முடியும். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் மட்டும் திறக்கவில்லை.

கணவர் சிவப்பு அறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகவில்லை, எண்ணவில்லை. வாசலில் நின்றபடியே கண்ணை இடுக்கினார்.

"இல்ல சார். நடுவுல அறுந்திருக்கு."

"எங்க?" என்றார் நூலகர்.

"அந்த மூணாவது ஜன்னலுக்குக் கீழ. ஒரு பெட்டி அளவு. இவ்ளோ தடி, இவ்ளோ உயரத்துல." விரலால் அளவு காட்டினார். பிறகு வெளியே வந்தார், தாழ்வாரத்தைப் பார்த்தார், மெத்தையிடம் போனார். "எந்திரி."

"என்ன மாமா?"

"நீ சரித்திரத்து மேல உக்காந்திருக்க."

மெத்தை எழுந்தான். அவர் பெட்டியைத் திருப்பிச் சிவப்பைப் பார்த்தார், தோளில் ஏற்றினார், தானே உள்ளே கொண்டுபோய் இடைவெளியில் செருகினார். பட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே ஓட்டமாக ஓடியது. பாஷை தெரியாத அந்த இரண்டு பேரும் விசில் அடித்தார்கள். நூலகர் அங்கங்கே நாலு பெட்டியைத் திறந்து பார்த்தார், ஐந்தாவதைத் திறக்காமலே விட்டுவிட்டு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆசிரியை முக்காலியிலிருந்து எழுந்தார். "முதல் வருஷம் முடிஞ்சுது. தேறிட்டீங்க. இனிமே பேசலாம்."

அவ்வளவுதான், மடை உடைந்தது. "ஏன்டா, உக்கார உனக்கு வேற இடமே கிடைக்கலையா? ஊர்ல இருக்கிற சரித்திரம் எல்லாம் உன் எடையத் தாங்குமாடா? சார், நீங்க என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னீங்க? மேடம், இவர் கண்ணை இடுக்கினாரே, பாத்தீங்களா, நான் சொல்லித் தரவே இல்ல, சத்தியமா சொல்லித் தரல." சிரிப்பும் அழுகையுமாக அவள் எல்லோரையும் ஒரு சுற்று திட்டி முடிப்பதற்குள் மழையே நின்றுவிட்டது.

நடுவில் கணவரின் சட்டைப்பையில் போன் அடித்தது. பல் ஆஸ்பத்திரி ஒன்றை இடம் மாற்ற வேண்டுமாம், பேசுகிறவர் அக்காவைக் கேட்கிறார் என்பது எங்களுக்கும் கேட்டது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் கையை நீட்டினாள். அவர் போனைத் தரவில்லை. அவளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டு, நல்ல சத்தமாகவே சொன்னார்.

"அவங்க இல்லீங்க. காலேஜ்ல இருக்காங்க. ரெண்டாவது வருஷம். இன்னும் ரொம்ப நாள் ஆகும். நீங்க என்கிட்டயே சொல்லுங்க."